மெடிக்கல் கோடிங் வேலைய சொல்ல நாலு வழி: எது எடுபடுது, எது சொதப்புது

மெடிக்கல் கோடிங்ல (டாக்டர் எழுதினத படிச்சு இன்ஷூரன்ஸுக்கு கோடு போடற வேலை) இருக்கறவங்களுக்கு வேலைய விட கஷ்டம், அந்த வேலை என்னன்னு புதுசா பாக்கறவங்களுக்கு சொல்றதுதான். சென்னை, திருச்சி, கோவைன்னு இத்தன பேர் இந்த ஃபீல்டுல இருந்தும் கல்யாண வீட்டுல பக்கத்து சேர் மாமாவுக்கு இன்னும் இது பிடிபடல. நம்ம ஆளுங்க சொல்ற விதம் நாலு இருக்கு. எது நல்லாருக்குன்னு பாக்க என்கிட்ட இருக்கற அளவுகோல் ஒண்ணே ஒண்ணு, நீங்க சொல்லி முடிச்சதும் எதிர்ல இருக்கறவர் அடுத்து என்ன கேக்கறார்ங்கறதுதான்.

டெசிக்னேஷன மட்டும் சொல்றவங்கதான் ஜாஸ்தி. "மெடிக்கல் கோடரா இருக்கேன்." சின்னதா இருக்கு, பொய்யும் இல்ல. ஆனா 'கோடர்'ங்கறத மட்டும் பிடிச்சுக்கறவர் "ஜாவாவா பைத்தானா"ம்பார், 'மெடிக்கல்'ங்கறத பிடிச்சுக்கறவர் போன்ல இருக்கற ப்ளட் ரிப்போர்ட்ட நீட்டி "சாப்ட அப்புறம் 210 காட்டுதும்மா, மாத்திரைய கூட்டணுமா"ன்னு கேப்பார். பேங்க் லோன் ஃபார்ம், ஹவுஸ் ஓனர், இதே ஃபீல்டு ஆளுங்க, இவங்களுக்கு மட்டும் இது போதும்.

கம்பெனி பேர சொல்றது ரெண்டாவது. "ஓஎம்ஆர்ல ஒரு எம்என்சி." அடுத்த கேள்வி சம்பளம். அவ்ளோதான், பேச்ச முடிக்கணும்னா யூஸ் பண்ணிக்கோங்க.

மூணாவது, ட்ரெய்னிங்ல படிச்சத அப்படியே ஒப்பிக்கறது, சிபிசிங்கற கோடர் சர்டிஃபிகேட் பரீட்சைய பாஸ் பண்ணின சூட்டோட இருக்கறவங்க இதுல கில்லாடி. அமெரிக்காவுல டாக்டர் எழுதற சார்ட்ட படிப்போம், நோய்க்கு ஐசிடி-10 கோடு, செஞ்ச ட்ரீட்மெண்ட்டுக்கு சிபிடி கோடு போடுவோம், அது க்ளெய்மா இன்ஷூரன்ஸுக்கு போகும், 2015 அக்டோபர் 1 வரைக்கும் அங்க ஐசிடி-9தான், அதுல சுமார் 14,000 நோய் கோடு, ஐசிடி-10 வந்ததும் கிட்டத்தட்ட 70,000 ஆயிடுச்சுன்னு போயிட்டே இருக்கும். ஒண்ணு கூட தப்பில்ல. ஆனா அடுத்து வர்ற கேள்வி "சாப்டாச்சா?" இண்டர்வியூல சொல்ல வேண்டியத பந்தியில சொன்னா அப்படித்தான்.

நாலாவதுதான் என் ஓட்டு, ஒரே ஒரு கேஸ் சொல்றது. "அமெரிக்காவுல ஒருத்தர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுல ரேடியஸ் எலும்பு உடைஞ்சிடுச்சுன்னு வைங்க, டாக்டர் எழுதினத படிச்சு நான் எஸ்52.501ஏன்னு போடுவேன், இடது கைன்னா 502, எக்ஸ்ரே வலது கைக்கு எடுத்துட்டு கோடு இடது கைக்கு போச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் காசு தரமாட்டேன்னு திருப்பி அனுப்பலாம்." கடைசியில இருக்கற 'ஏ' கூட சும்மா இல்ல, இப்ப ட்ரீட்மெண்ட் நடக்குதுன்னு அர்த்தம், எலும்பு ஒழுங்கா கூடிட்டு வருதான்னு பாக்க திரும்ப வர்றப்ப 'டி' ஆயிடும். இத சொல்லணும்னு இல்ல, ஆளு ஆர்வமா கேட்டா எடுத்து விடுங்க.

ஆளுக்கு தக்க கேஸையும் மாத்திக்கணும். சின்ன பசங்கன்னா பஞ்சவர்ணக்கிளி கடிச்சதுக்கே தனி கோடு இருக்குன்னு சொல்லுங்க, டபிள்யூ61.11, நெஜமாவே இருக்கு. பெரியவங்களுக்கு சுகர்தான் பெஸ்ட், வீட்டுக்கு ஒருத்தருக்காவது இருக்கே. டைப் 2 சுகர் மட்டும்னா இ11.9, அதனால கிட்னிக்கு நாள்பட்ட பாதிப்பு வந்திருந்தா இ11.22, கூடவே எந்த ஸ்டேஜ்னு என்18ல இன்னொரு கோடு. எச்சிசி (பேஷண்ட்டோட நோய்கள வச்சு வரப்போற செலவ கணிக்கறதுக்கான கோடிங்) பாக்கறவங்களுக்கு கை ஒடைஞ்ச கதைய விட இதுதான் அவங்க வேலைக்கு கிட்ட வரும்.

இந்த வழியிலயும் ரெண்டு வில்லங்கம் இருக்கு. ஒண்ணு, சுவாரஸ்யமா இருக்கேன்னு காலையில பாத்த சார்ட்டையே கதையா சொல்லிடக்கூடாது, அமெரிக்காவுல ஹிப்பான்னு 1996லயே சட்டம் போட்டு வச்சிருக்காங்க, பேஷண்ட் அடையாளம் தெரியற மாதிரி ஒண்ணு வெளிய போனா வேலையே காலி, அதனால கற்பனை கேஸ்தான் எப்பவும். இன்னொண்ணு, எல்லாத்தையும் கேட்டுட்டு "ஓ பில்லு போடற வேலையா"ம்பாங்க. கோடிங் வேற பில்லிங் வேறன்னு அங்க நின்னு சண்டை போடாதீங்க, முக்காவாசி புரிஞ்சிருக்கு, அது போதும் (டீம்ல புதுசா சேந்தவர் அப்படி சொன்னா மட்டும் உக்கார வச்சு விளக்குங்க).

கேஸ் சொல்லி முடிச்சதும் பெரும்பாலும் வர்ற கேள்வி "தப்பா போட்டா என்ன ஆகும்?" அது வந்துட்டா ஆளுக்கு வெளங்கிடுச்சு. அதுக்கப்புறம் "எங்க தங்கச்சி பொண்ணு பிஃபார்ம் முடிச்சிட்டு சும்மாதான் இருக்கா, உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களா"ன்னு வரும், ரெஃபரல் லிங்க ரெடியா வச்சுக்கோங்க.