பைபாஸ் ரோடு எம்எம்ஏ ஜிம்: வெள்ளிக்கிழமைக்காகவே சேரலாம்

மதுரை பைபாஸ் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டை சொல்லித்தரும் இந்த ஜிம். மாதம் 2,000 ரூபாய். மேட் பழசு, பிரிந்த இடங்களில் டேப் ஒட்டியிருக்கிறார்கள். வாடகை கிளவுஸை மூக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சொந்தமாக வாங்கிவிடுங்கள். மேலே தகரக் கூரை, அதனால் சித்திரை மாதத்தில் வார்ம்-அப் தனியாகத் தேவையில்லை.

அப்புறம் ஏன் நான்கு ஸ்டார்? வெள்ளிக்கிழமை சாயந்தர வீடியோ வகுப்புக்காக.

மாஸ்டர் உசிலம்பட்டிப் பக்கம், பழைய கபடிக்காரர். தோற்ற சண்டை ஒன்றை டிவியில் போடுவார். யாராவது "அசால்ட்டா இருந்துட்டான் மாஸ்டர்" என்றால் உடனே நிறுத்துவார். "அவனா தப்பு பண்ணுனானா, இவன் பண்ண வச்சானா?" கபடியில் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டிய ரைடரின் கணுக்கால் மாட்டினால் அது ரைடரின் அவசரமா, ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர்காரன் இடம் விட்டு ஆசை காட்டினானா என்று கேட்பார். எங்களுக்கு அதிலேயே பாதி புரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, 2013 ஜூலையில் யுஎஃப்சி என்ற பெரிய எம்எம்ஏ போட்டியில் சாம்பியன் ஆண்டர்சன் சில்வா கிறிஸ் வைட்மேனிடம் விழுந்த சண்டையை எல்லோரும் திமிருக்குக் கிடைத்த அடி என்பார்கள். கையைத் தொங்கப்போட்டு வேடிக்கை காட்டினார், உண்மைதான். ஆனால் 2009இல் ஃபாரஸ்ட் கிரிஃபினிடமும் அதையேதான் செய்தார், அப்போது அதற்குப் பெயர் மேதைமை. வைட்மேன் குத்துவதை நிறுத்தவில்லை. பின்னால் சாய்ந்து தப்பிய தலையை அடுத்து வந்த இடது ஹூக் (பக்கவாட்டுக் குத்து) பிடித்தது. அந்த டிசம்பரில் நடந்த மறுசண்டையில் சில்வாவின் கால் முறிந்தது. விபத்து என்றோம். மாஸ்டர் மெதுவாக ஓட்டிக் காட்டினார்: சில்வாவின் உதை வரும் நேரத்தில் வைட்மேன் முழங்காலைத் தூக்குகிறார், கால் அதில் மோதி முறிகிறது. அதற்கென்றே பயிற்சி எடுத்து வந்தவர் அவர்.

2015இல் கானர் மெக்ரெகர் அப்போதைய சாம்பியன் ஜோஸே ஆல்டோவை 13 விநாடியில் வீழ்த்தியதில் மட்டும் எனக்கும் மாஸ்டருக்கும் ஒத்துப்போகவில்லை. மாதக்கணக்கில் வாயால் சீண்டி, பாய வைத்து, பின்வாங்கி இடது கையால் அடித்தது முழுக்க மெக்ரெகரின் வேலை என்கிறார். சீண்டுவது அவன் வேலை என்றால் சீண்டலுக்கு மயங்காமல் இருப்பது சாம்பியனின் வேலை இல்லையா? பத்து வருடம் தோற்காத மனுஷன் ஆல்டோ. அடுத்து, 2025 பிப்ரவரியில் நம் நாட்டு வீரர் அன்ஷுல் ஜூப்ளி 19 விநாடியில் தோற்றதைப் போட்டார்கள். "இத்தனூண்டு நேரத்துல என்னத்தப்பா சொல்றது" என்று மாஸ்டர் ரிமோட்டை வைத்துவிட்டார். 13 விநாடிக்கு அரைமணி நேரம் பேசியவர்! நாட்டுப் பாசம்.

இது வெறும் அரட்டை இல்லை. எங்கள் பையன் ஒருவன் கோயம்புத்தூரில் டேக்டவுனுக்கு (எதிராளியைக் கீழே தள்ள) பாய்ந்து கில்லட்டினில் (கையால் கழுத்தை நெரிக்கும் பிடி) மாட்டித் தோற்றான். தலையை வெளியே விட்டது தப்பு, அதற்கு டிரில் கொடுத்தார். ஆனால் எதிராளி ஜாபை (முன்கையால் போடும் நேர் குத்து) உயரமாகவே போட்டுப் போட்டு அவனைக் குனிய வைத்திருந்தான். அதற்கு டிரில் போதாது என்று, அதே மாதிரி ஜாப் போடும் ஓர் ஆளை அவனோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) விட்டார். நான் முன்பு போன இடத்தில் தோற்றால் "விடுடா, அதிர்ஷ்டம்" என்பதோடு முடிந்துவிடும்.

ஒரு ஸ்டார் குறைத்தது புதுசாகச் சேர்பவர்களுக்காக. வெள்ளிக்கிழமை பேச்சில் பாதி அவர்களுக்குப் புரியாது, யாரும் விளக்குவதும் இல்லை. முதலில் காலை பேட்ச்சில் அடிப்படை கற்றுக்கொண்டு வாருங்கள். வண்டியைக் கடை வாசலில் நிறுத்தாதீர்கள், டைல்ஸ் கடைக்காரர் சத்தம் போடுவார்.