கேஸில் ஓடும் வேன் ஐஸ் பெட்டி: நாலு வருஷ அனுபவம்

பிரச்சினையை முதலில் காட்டிக்கொடுத்தது தெர்மாமீட்டர் இல்லை, இட்லி மாவு. பினாங்கு தெலுக் பகாங்கில் கடலோரமாக வேனை நிறுத்தி ஒரு ராத்திரி தங்கியிருந்தோம். காலையில் ஐஸ் பெட்டியைத் திறந்தால், மாவு பொங்கி டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டெல்லாம் வழிந்து, கீழே இருந்த கெம்போங் மீன் பொட்டலத்தையும் நனைத்திருந்தது. உள்ளே மாவு பொங்குகிறது என்றால் அது வெறும் பெட்டிதான். மீனைத் தூக்கிப் போட்டோம். மாவில் தோசை சுட்டோம், நல்ல புளிப்பு.

வேன் எங்களிடம் வந்து நாலு வருஷம் ஆகிறது. பழைய சரக்கு வேன், ஒரு பட்டறையில் கொடுத்து கேம்பர் வேனாக மாற்றியது. அதில் பொருத்தியது 90 லிட்டர் மூன்று வழி ஐஸ் பெட்டி: வீட்டு மின்சாரம், வண்டியின் 12 வோல்ட், கேஸ் மூன்றிலும் ஓடும். கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும். கீழே சூடு காட்டினால் அம்மோனியா பிரிந்து ஆவியாக மேலே போகும், பின்பக்கக் குழாயில் ஆறித் திரவமாகும், பெட்டிக்குள் மறுபடி ஆவியாகும்போது அங்குள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும். 1922இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய ஏற்பாடு, அடிப்படை இன்னும் அதேதான். நெருப்பு மூட்டினால் குளிரும் என்பதை என் மாமியார் இன்றுவரை நம்பவில்லை.

முதல் வருஷம் குறையே தெரியவில்லை. வீட்டு வாசலில் நிற்கும்போது பிளக், ஓடும்போது 12 வோல்ட், கேஸ் போட்டது கேமரன் மலையில் மட்டும். அங்கே ராத்திரி 17, 18 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டிதான். கேஸில் அருமையாக ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோசை சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் போல முதலில் காசைச் செலவழித்தேன். புது ரெகுலேட்டர், புது ஓஸ். ஒரு மாற்றமும் இல்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அப்புறம்தான் செய்தேன். ஒரு கிளாஸ் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்தேன். கதவைத் திறந்ததும் உள்காற்றின் சூடு ஏறிவிடும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஒரு நாள் முழுக்க பிளக்கில் ஓட்டினேன்: விடியற்காலை 5 டிகிரி, மத்தியானம் 9. மறுநாள் கேஸ்: விடியற்காலை 13, மத்தியானம் பார்க்கவே பிடிக்கவில்லை.

இது பெரிய ஆறுதல். பிளக்கில் குளிர்கிறது என்றால் அம்மோனியா சுற்றும் குழாய்கள் நன்றாக இருக்கின்றன. அது போய்விட்டால் செலவு பெட்டி விலைக்கு வந்துவிடும். பின்னால் மஞ்சள் தூள் படிந்து அம்மோனியா நெடி அடித்தால் கதை முடிந்தது என்று அர்த்தம், எங்களுக்கு இரண்டும் இல்லை. ஆக, குறை சுடர் பக்கம்.

ரெகுலேட்டர்மேல் சந்தேகம் தீரவில்லை. பெட்டியின் உள்சுவர் லேபிளில் கேஸ் அழுத்தம் 30 மில்லிபார் என்று போட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர். ஹார்ட்வேர் கடையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றரை மீட்டர் வாங்கி, பலகையில் ‘ப’ மாதிரி வளைத்துக் கட்டினேன். வெறும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மனைவி ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டாள். பர்னருக்கு முன்னால் அழுத்தம் பார்க்கவென்றே ஒரு சிறு முனை உண்டு, அதில் மாட்டிச் சுடரை ஏற்றினால் இரு பக்க மஞ்சள் தண்ணீருக்கும் 28 சென்டிமீட்டர் வித்தியாசம். போதும். பழைய ரெகுலேட்டரை மாட்டிப் பார்த்தேன், அதுவும் 28தான்! முனையை மூடியபின் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்துக்கொண்டேன், அதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

சரி, சுடரைப் பார்ப்போம் என்று வெளிப்பக்கத் தட்டியைக் கழற்றினேன். நீலமாக, நிமிர்ந்து எரிய வேண்டியது, நுனியில் மஞ்சளாகச் சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் சுடர் குளிரை மட்டும் கெடுப்பதில்லை, கார்பன் மோனாக்சைடையும் கூட்டும். வேனுக்குள் அதற்கு ஒரு அலாரம் வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

கேஸை மூடி, ஆறவிட்டு, பர்னரைக் கழற்றினோம். உதவிக்கு வந்த மச்சான் பர்னரைத் தட்ட, துருச்செதில் ஒரு கைப்பிடி விழுந்தது. உள்ளே ஒரு சிலந்திக்கூடு. கேஸ் பீறிட்டு வரும் பித்தளை ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளையே தெரியவில்லை. மச்சான் அக்காவின் தையல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து வந்துவிட்டார். “மச்சான், ஊசியை வைங்க, ஜெட் போனா பெட்டியே போச்சு” என்று கத்தினேன். அந்தத் துளையைக் குத்தினால் அகன்றுவிடும், அப்புறம் சுடர் ஒருநாளும் சரியாகாது. ஸ்பிரிட்டில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, டயர் கடையில் காற்றடித்தால் போதும்.

உண்மையான குற்றவாளி அதற்கும் மேலே இருந்தது. சுடருக்கு மேல் நிற்கும் புகைக்குழாய்க்குள், திருகாணி மாதிரி முறுக்கிய ஒரு தகடு கம்பியில் தொங்க வேண்டும். சூடான புகை நேராக ஓடிப்போகாமல், சுற்றிச் சுற்றிப் போய்க் குழாயைச் சுடவைக்கத்தான் அது. கடல்காற்றில் கம்பி துருப்பிடித்து அறுந்து, தகடு நழுவி, சுடரின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. சுடர் மூச்சுத் திணறி மஞ்சளானதற்கும் கரி பிடித்ததற்கும் அதுவே காரணம். குழாயைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கையேட்டில் சொன்ன உயரத்தில் எவர்சில்வர் கம்பியால் தகட்டைக் கட்டினேன். செலவு 6 ரிங்கிட்.

மறுநாள் கேஸில் விடியற்காலை 5, மத்தியானம் 9. பிளக்கில் வந்த அதே கணக்கு. அப்போதுதான் அந்த 9 உறைத்தது. சூடு கொடுக்கும் பக்கம் சரியாகிவிட்டது, சூட்டை வெளியேற்றும் பக்கம் யாரும் கவனிக்காமல் கிடக்கிறது. பினாங்கு வெயிலில் வெளியே 32, 33 என்றால் பெட்டியின் முதுகுப்பக்கம் அதைவிடக் கொதிக்கும். வேனைக் கட்டியவர்கள் குழாய்க்கும் வேன் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டிருந்தார்கள். கேட்டால் காற்றோட்டத்துக்கு என்பார்கள். நடப்பது நேர்மாறு: கீழே வரும் காற்று குழாயைத் தொடாமல் அந்த இடைவெளியில் சும்மா சுற்றும். அலுமினியத் தகடு அடித்து இடைவெளியை இரண்டு விரலாகக் குறைத்தேன். பெட்டிக்குப் பின்னால் சூடு வெளியேறும் மேல் ஜன்னலின் கொசுவலை தூசியில் அடைத்திருந்தது, கழுவினேன். கம்ப்யூட்டர் விசிறி இரண்டை மேலே ஊதும்படி வைத்து, சூடானால் தானே ஓடும் சுவிட்ச் போட்டேன். மத்தியானம் 6 டிகிரி. தயிர் இப்போது தயிராகவே இருக்கிறது.

சாய்வு விஷயம் சின்னதுதான், ஆனால் பெட்டியைக் கொல்வது அதுதான். உள்ளே பம்ப் எதுவும் இல்லை, திரவம் தன் எடையில்தான் இறங்க வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் நின்று, அடியில் சூடு தேங்கிக் குழாய் உள்ளேயே கெட்டுவிடும். ஓடும் வண்டியில் பிரச்சினையில்லை, குலுங்கிக்கொண்டே இருக்கும். இப்போது எங்கே நிறுத்தினாலும் சமமட்டம் பார்த்துச் சக்கரத்தடியில் பலகை வைக்கிறேன்.

கேஸ் செலவு மலிவு. தோங்கை, அதாவது கேஸ் சிலிண்டரை, குளியலறை எடை மெஷினில் நிறுத்துப் பார்த்ததில் மூன்று நாளுக்கு 1 கிலோவுக்கும் குறைவு, 14 கிலோ தோங் பெட்டிக்கு மட்டும் என்றால் 40 நாளைத் தாண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் தோங் நிற்கும் அறையின் தரையில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிலையத்துக்கும் பாலத்துக்கும் முன்னால் கேஸை மூடி 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுவேன். 12 வோல்ட்டில் பேட்டரியை உறிஞ்சித் தீர்க்கும், இன்ஜின் ஓடாமல் அதில் வைக்காதீர்கள்.

இன்றைக்குப் புதிதாக வாங்குவதாக இருந்தால்? நம் ஊர் வெயிலுக்குக் கம்ப்ரசர் பெட்டியும் கூரையில் ஒரு சோலார் தகடும்தான் வாங்குவேன். சாய்வு, சுடர், சிலந்தி எதுவும் கவலையில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சத்தமும் இல்லாத இந்தப் பெட்டி இருக்கும்வரை இருக்கட்டும். ஒரு குறை மட்டும் மிச்சம்: கடற்காற்று வெளித்தட்டிக்கு நேராக அடித்தால் சுடர் அணைந்துவிடுகிறது. அதனால் பாலிக் பூலாவ் பக்கம் போனால் ஐஸ் பெட்டிக்கு ஏற்றபடி வேனைத் திருப்பி நிறுத்துகிறேன், ஜன்னலில் கடல் தெரியவில்லை என்று பிள்ளைகளுக்குக் கோபம்.