ஒவ்வொன்றாக மாற்றுவதா, சேர்த்து மாற்றுவதா: செயல்முறைப் பொறியாளர் முன்னுள்ள இரு சோதனை வழிகள்

இயந்திரத்தின் எந்த அமைப்பை எவ்வளவு மாற்றினால் பொருள் குறித்த அளவுக்குள் வரும் என்பதைக் கண்டறிவது செயல்முறைப் பொறியாளரின் அன்றாட வேலை. இதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. மற்றவற்றை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு காரணியாக மாற்றிப் பார்ப்பது ஒன்று. காரணிகளின் சேர்க்கைகளை முன்கூட்டியே அட்டவணையிட்டு, பலவற்றை ஒருசேர மாற்றிச் சோதிக்கும் டிஓஇ எனப்படும் சோதனை வடிவமைப்பு மற்றொன்று. பின்னதற்கு 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் அடித்தளமிட்டார். வயல்வெளியில் பிறந்த முறை பிறகு ஆலைக்குள் வந்தது.

முதல் வழி எளிது. எதை மாற்றினோம், என்ன விளைந்தது என்பதை ஆபரேட்டர் முதல் மேலாளர் வரை எவருக்கும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். பல காரணிகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் எது நடந்தது என்று எப்படித் தெரியும் என்ற ஐயமும் பலரை அதன் பக்கமே நிறுத்துகிறது. அந்த ஐயம் நியாயமானதாகத் தோன்றினாலும் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. மூன்று காரணிகளை இரண்டு மட்டங்களில் வைத்தால் சேர்க்கைகள் எட்டு. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு சோதனை ஓட்டம் என்ற அந்த எட்டு ஓட்டங்களில் ஒவ்வொரு காரணியும் நான்கில் தாழ்ந்தும் நான்கில் உயர்ந்தும் இருப்பதால், எல்லாத் தரவும் எல்லாக் காரணிகளுக்கும் பயன்படுகிறது. இதே துல்லியத்தை ஒவ்வொன்றாக மாற்றும் வழியில் பெற வேண்டுமானால், தொடக்க நிலையில் நான்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்குமாகப் பதினாறு ஓட்டங்கள் தேவைப்படும்.

ஓட்டங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானது இடைவினை, அதாவது ஒரு காரணியின் விளைவு மற்றொன்றின் மட்டத்தைப் பொறுத்து மாறுவது. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் இன்ஜெக்ஷன் மோல்டிங்கில், பொருள் ஆறும்போது ஏற்படும் சுருக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று கொள்வோம். விளக்கத்துக்காக, தொடக்கத்தில் சுருக்கம் 1.8 சதவீதம். அச்சு நிரம்பிய பின்னும் பிளாஸ்டிக்கின் மீது தொடர்ந்து கொடுக்கும் அழுத்தமான ஹோல்டிங் பிரஷரை மட்டும் உயர்த்தினால் 1.75 ஆகிறது, உருகிய நிலையிலுள்ள பிளாஸ்டிக்கின் வெப்பத்தை மட்டும் உயர்த்தினால் 1.9 ஆகிறது. ஒவ்வொன்றாகச் சோதிப்பவர் வெப்பத்தைத் தொடக்க நிலைக்கே திருப்பி, 1.75 உடன் நின்றுவிடுவார். இரண்டையும் சேர்த்து உயர்த்தினால் 1.5 வரும் என்பது அவர் கண்ணிலேயே படாது. காரணம் அச்சின் நுழைவாயிலான கேட்டில் இருக்கிறது: குறைந்த வெப்பத்தில் கேட் சீக்கிரம் உறைந்துவிடுவதால் அழுத்தம் உள்ளே போய்ச் சேர்வதில்லை, வெப்பம் கூடும்போது அது சற்று நேரம் திறந்திருக்க, அதே அழுத்தம் பொருளைக் கெட்டியாக நிரப்புகிறது.

இன்னொரு குறையும் உண்டு. காலையில் ஒரு காரணி, பிற்பகலில் மற்றொன்று என்று வரிசையாகப் போகும்போது, நாள் முழுவதும் மோல்டு, அதாவது அச்சு, சூடேறி வருவதன் விளைவும் மாற்றத்தின் விளைவும் ஒன்றாகக் கலந்துவிடும். வடிவமைத்த சோதனையில் ஓட்டங்களின் வரிசையைக் குலுக்கலில் தீர்மானிப்பது இதற்காகத்தான். ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையான பாரலின் வெப்பத்தை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால், அது நிலைப்படக் காத்திருப்பதிலேயே ஷிஃப்ட் முடிந்துவிடும். ஆகவே மாற்றக் கடினமான காரணியைச் சில ஓட்டங்கள் கொண்ட தொகுதி முழுவதும் ஒரே மட்டத்தில் வைத்து, மற்றவற்றை அதற்குள் குலுக்குவது வழக்கம். அப்படிச் செய்தால் பகுப்பாய்விலும் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

காரணிகள் பெருகும்போது முழு அட்டவணை கட்டுப்படியாகாது. ஐந்துக்கு 32 ஓட்டங்கள் வேண்டும். அதில் சரியாகத் தேர்ந்த பாதியான 16 ஓட்டங்களே பெரும்பாலும் போதும். ஏழு காரணிகளை எட்டே ஓட்டங்களில் அடக்கவும் முடியும், ஆனால் அப்போது தனி விளைவுகளும் இருகாரணி இடைவினைகளும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றோடொன்று பின்னிவிடும். அத்தகைய அட்டவணையை, முக்கியமான காரணிகளைப் பிரித்தெடுக்கும் சல்லடையாக மட்டுமே கொள்ள வேண்டும். அதை வைத்து இறுதி அமைப்பைத் தீர்மானிப்பது, என் பார்வையில், ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட ஆபத்தானது. மேலும் விளைவு நேர்கோட்டில் செல்லாமல் வளைவதை இரண்டு மட்டங்கள் காட்டா என்பதால், இரு மட்டங்களுக்கும் நடுவில் வைக்கும் நடுப்புள்ளி ஓட்டங்கள் சிலவற்றைச் சேர்ப்பது நல்லது.

முதல் வழியே சரியான இடங்களும் இருக்கின்றன. கேட் எப்போது உறைகிறது என்று அறிய ஹோல்டிங் நேரத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டி ஒவ்வொரு பொருளையும் எடை போட வேண்டும். எடை ஏறுவது எங்கே நிற்கிறதோ அதுவே விடை. இங்கே அட்டவணை போடுவது வீண் அலங்காரம். நேற்றுவரை சீராக ஓடிய இயந்திரத்தில் இன்று திடீரென்று குறை தோன்றினாலும் அப்படித்தான்: மாறியது மூலப்பொருளா, ஹீட்டரா, குளிர்நீர் ஓட்டமா என்று தேடுவதே முறை, ஏனெனில் அங்கே புதிய அமைப்பு தேவையில்லை, பழைய நிலைதான் திரும்ப வேண்டும்.

புதிய மோல்டை உற்பத்திக்குக் கொண்டுவரும்போது, மூன்று காரணிகளுக்கு மேல் சந்தேகம் இருந்தால், வடிவமைத்த சோதனைக்கு இயந்திர நேரம் கேட்டுப் பெறுவதே சரி. கேட் உறையும் நேரத்தைத் தனியே கண்டறிந்து, ஹோல்டிங் நேரத்தை அட்டவணையின் எல்லா ஓட்டங்களிலும் அதற்கு மேலாக வைத்துக்கொண்டால் ஒரு காரணி அட்டவணையிலிருந்து குறையும். கிடைத்த அமைப்பில் மறுநாள் வேறொரு ஷிஃப்ட்டில் உறுதிப்படுத்தும் ஓட்டம் ஒன்றை நடத்திய பின்னரே, அதை அமைப்புத் தாளில் எழுத வேண்டும்.