கரண்ட் போய் வந்தபின் ஆன்டிவைரஸ் சர்வர்: பல வருட அனுபவம்

அலுவலகக் கணினிகள் அனைத்தையும் ஒரே கன்சோலிலிருந்து கவனிக்கும் ஆன்டிவைரஸ் சர்வரைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். வைரஸ் பிடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திடீரென்று கரண்ட் போய் வந்தால்தான் தகராறு. கன்சோல் திறக்காது, திறந்தாலும் எல்லாக் கணினியும் ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும்.

அந்த நேரத்தில் பதற வேண்டாம். சர்வர் படுத்துவிட்டாலும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் ஏஜென்ட் என்ற ஆன்டிவைரஸ் மென்பொருள், கடைசியாக வாங்கிய அப்டேட்டை வைத்துக் காவல் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

கன்சோலே திறக்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது டேட்டாபேஸைத்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருந்தால், டேட்டாபேஸை நடத்தும் எஸ்கியூஎல் சர்வர் என்ற மென்பொருள் மறுபடி எழும்போது, மாற்றங்களைக் குறித்து வைத்த லாகைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை பொறுக்காமல் ஆன்டிவைரஸின் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) நின்றுவிடும். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 7009 என்ற எண் தெரிந்தால், ஒரு சர்வீஸ் குறித்த நேரத்துக்குள் (வழக்கமாக 30 விநாடி) பதில் தரவில்லை என்று பொருள். டேட்டாபேஸ் எழுந்த பிறகு அந்த சர்வீஸைக் கையால் ஸ்டார்ட் செய்தாலே பல முறை வேலை முடிந்துவிடும். நிரந்தரமாகத் தீர, அதைத் தாமதமாகத் தொடங்கும்படி மாற்றி வையுங்கள். டேட்டாபேஸ் ‘சஸ்பெக்ட்’ (சேதமடைந்திருக்கலாம்) என்று காட்டினால் மட்டும் கதை வேறு. ரிப்பேர் கட்டளை தகவலை அழித்துவிடக்கூடும், பேக்கப்பிலிருந்து மீட்பதே நல்லது.

கன்சோல் திறந்து, கணினிகள் மட்டும் ஆஃப்லைனா? இதில்தான் பலர் நாள் முழுக்க அலைகிறார்கள். அலுவலக நெட்வொர்க்கின் (டொமைன்) கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் எழுவதற்குள் இந்த சர்வர் எழுந்துவிட்டால், விண்டோஸ் தன் நெட்வொர்க்கைப் ‘பப்ளிக்’, அதாவது நம்ப முடியாத பொது நெட்வொர்க், என்று எடுத்துக்கொள்ளும். ஃபயர்வாலில் டொமைனுக்கு மட்டும் திறந்த போர்ட்டுகள் (இணைப்பு நுழையும் வாசல்கள்) அடைபட்டுவிடும். சர்வீஸ் எல்லாம் பச்சையாக ஓடும், ஆனால் ஓர் ஏஜென்ட்கூட உள்ளே வர முடியாது. நெட்வொர்க் அடாப்டரை ஒருமுறை டிசேபிள் செய்து எனேபிள் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரிமோட்டில் இருந்துகொண்டு இதைச் செய்யாதீர்கள், உங்கள் இணைப்பே அறுந்துவிடும்.

அப்புறம் கடிகாரம். மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும், சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ் செல்லாது என்று ஏஜென்ட் மறுக்கும். சர்வரை டிஎச்சிபியில் (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் முறை) விட்டிருந்தால் ஐபி மாறியதா என்றும் பாருங்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்று சர்வரைப் புதிதாக இன்ஸ்டால் செய்ய நினைப்பவர்களை நான் தடுத்தே பழகிவிட்டேன். பல தயாரிப்புகளில் புது இன்ஸ்டால் புதுச் சான்றிதழை உருவாக்கும், பழைய ஏஜென்ட்டுகள் அதை நம்பாது. பிறகு கணினி கணினியாகப் போய் உட்கார வேண்டியதுதான். டேட்டாபேஸோடு சான்றிதழையும் அதன் டிஜிட்டல் சாவியையும் இப்போதே பேக்கப் எடுத்து, அந்த சர்வருக்கு வெளியே வேறு டிஸ்கில் பத்திரமாக வையுங்கள்.