திடீர் முகப்பரு: பென்சாயில் பெராக்சைடா, அடாபலீனா?

பதின்ம வயதுப் பிள்ளையின் நெற்றியில் ஒரே வாரத்தில் பொரிபொரியாகக் கிளம்பினால், எந்த மருந்தை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் அது பருதானா என்று பார்க்க வேண்டும். ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடி, எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, மயிர்க்கால்களின் வாய் அடைபடுவதால் வரும் பருவில், சிறிதும் பெரிதுமான கட்டிகளுக்கு நடுவே கரும்புள்ளிகளும் (அடைபட்ட துளைகளில் கறுத்துத் தெரியும் பிளாக்ஹெட்ஸ்) தென்படும். மாறாக, எல்லாம் கடுகளவில் ஒன்றுபோலவே இருந்து, கரும்புள்ளி ஏதுமின்றி அரிப்பும் சேர்ந்திருந்தால், அது மலசீசியா என்னும் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக்குத்தான் அடங்கும், ஆன்டிபயாடிக் அதை மேலும் கிளப்பிவிடும். முடியோரத்தில் மட்டும் வந்திருந்தால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையும் சந்தேகிக்கலாம்.

பருதான் என்றால், சிவந்து சீழ் கோத்தவற்றுக்கு பென்சாயில் பெராக்சைடையே முதலில் சொல்வேன். அது கிருமியைக் கொல்கிறது; கிளிண்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகப் பூசினால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுவதுபோல் இதற்குப் பழகுவதில்லை. 10 சதவீதம் வாங்கத் தேவையில்லை, 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே பலனை, எரிச்சல் குறைவாகத் தருகிறது. தலையணை உறையும் சட்டைக் காலரும் வெளுத்துப்போவதுதான் இதிலுள்ள தொல்லை.

கரும்புள்ளிகளே மிகுந்திருந்தால் 0.1 சதவீத அடாபலீன் மேல், ஏனெனில் அது அடைப்பையே அவிழ்க்கிறது. இரவில், பட்டாணி அளவு எடுத்து, பருவின் மேல் மட்டும் வைக்காமல் முகம் முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். தொடக்கத்தில் தோல் உரிந்து பரு கூடியதுபோலத் தோன்றுவதால் பலர் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். இரண்டும் கலந்த ஜெல்லும் உண்டு. பரு கலவையாக இருந்தால் மருத்துவர்கள் அதை எழுதித் தருவது வழக்கம்.

இவற்றுக்குப் போட்டியாக மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, சில நாளில் சிவப்பைத் தணித்துவிடுவதால் மூன்றிலும் சிறந்ததாகத் தெரியும். ஆனால் நாள்பட அதுவே தோலை மெலியவைத்து, ஒரே அளவிலான புதுப் பருக்களைக் கிளப்பும் என்பதால் அதை நான் இந்தப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன். வலியோடு ஆழமாகக் கட்டி, தழும்பு விழத் தொடங்கிவிட்டால் மேற்பூச்சை நம்பிக் காத்திராமல் தோல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.