இயக்குநர்களுக்கு டேப்லெட் பழக்கிய இரண்டு நாள்

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு நான் முதன்மைச் செயல் அலுவலர். இயக்குநர்கள் பத்துப் பேர். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, கடையம் என்று ஆளுக்கொரு திசை, எல்லாருமே வயலில் இறங்குகிறவர்கள். கூட்டத்துக்கு 7 நாள் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். தவறினால் அபராதம் என் தலையில். அதனால் ஒவ்வொரு முறையும் நாற்பது பக்கக் கட்டை ஜெராக்ஸ் எடுத்து, ஆபீஸ் தம்பி பைக்கில் வீடு வீடாகக் கொடுத்து வருவான். பிசான நெல் நடவு சமயத்தில் வீட்டில் யார் இருப்பார்? கட்டு திண்ணையிலேயே கிடந்து, கூட்டத்தில்தான் பிரியும்.

இதற்காகத்தான், கூட்டக் காகிதங்களை டேப்லெட்டிலேயே அனுப்பிப் படிக்க வைக்கும், இயக்குநர் குழுவுக்கான போர்ட்டல் ஒன்றை வாங்கினோம். அதோடு வந்த இரண்டு நாள் பயிற்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை வீண். திரை முழுக்க ஆங்கிலம், கிளவுட், என்கிரிப்ஷன் என்றே போனது. யாரும் வாய் திறக்கவில்லை. டீ நேரத்தில் பயிற்சியாளரிடம் நேராகவே சொன்னேன். அவரும் கோபிக்காமல் கேட்டுக்கொண்டார். மதியம் போன கூட்டத்துக் கட்டையே டேப்லெட்டில் ஏற்றி, காகிதத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டார். அப்புறம்தான் வகுப்புக்கு உயிர் வந்தது.

மூத்த இயக்குநர் அண்ணாச்சிக்கு விரல் ரேகை பதியவே இல்லை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல். துண்டில் துடைத்துத் துடைத்து வைத்தார், பெருவிரல், சுட்டுவிரல் எதையும் அது ஏற்கவில்லை. முகம் வாடிவிட்டது. பயிற்சியாளர் பதறாமல் ஆறு இலக்க எண்ணுக்கு மாற்றிக் கொடுத்தார். உள்ளே போன அண்ணாச்சி உரக் கணக்கை இரண்டு விரலால் விரித்துப் பார்த்து, "ஏம்மா, யூரியா 212 மூட்டைன்னுல்லா சொன்னே, இங்க 122ன்னு கிடக்கே?" என்றார். நான் தட்டச்சில் விட்ட பிழை. காகிதத்தில் அந்தப் பொடி எழுத்து ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இரண்டாம் நாள் உண்மையான கேள்வி வந்தது. "வீட்ல இருந்தே எல்லாரும் சரின்னு அமுக்கிட்டா, கூட்டம் எதுக்கு?" பயிற்சியாளர் சமாதானம் சொல்லாமல் ஓட்டுப் போடும் வசதியையே எங்கள் முன்னால் அணைத்துவிட்டார். படிப்பதும் குறிப்பெழுதுவதும் டேப்லெட்டில், முடிவு கூட்டத்தில், கையெழுத்து மினிட்ஸ் புத்தகத்தில் என்று பேசி வைத்துக்கொண்டோம். ஒரு டேப்லெட்டை ஒளித்து வைத்து, தொலைந்தால் ஆபீஸிலிருந்தே அதில் உள்ளதை அழிப்பது எப்படி என்றும் செய்து காட்டினார். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணம் தகும்.

குறைகளும் உண்டு. மெனுவில் தமிழ் கிடையாது. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய தீர்மானங்களைத் தேடினால் ஒன்றும் சிக்காது, எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றியாகவேண்டும். விற்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும், முன்பே இறக்கிய காகிதங்கள் திறக்கின்றன. அது நிம்மதி.

வாங்க நினைப்பவர்கள், முதல் நிஜக் கூட்டம் முடிந்ததும் இன்னொரு அரை நாள் பயிற்சி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை.

அடுத்த கூட்டத்துக் காகிதங்கள் நேற்று ஏறிவிட்டன. ஏழு பேர் திறந்து பார்த்திருக்கிறார்கள். மற்ற மூவருக்கும் தம்பி காலையில் பைக்கில் கட்டைக் கொண்டுபோயிருக்கிறான்.