மூன்று ரப்பரும் என் ஜிப்ஸியும்

என் மாருதி ஜிப்ஸியின் அடியில் இருக்கும் தாங்கு ரப்பர் (மவுண்ட்) மறுபடியும் பிய்ந்து, வண்டி பட்டறையில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் தங்கை வீட்டுக்காரர் கேட்கிறார்: "மச்சான், ஆஃப்ரோடு போட்டிக்கு நானும் ஒரு வண்டி கட்டலாம் என்றிருக்கிறேன். உங்களைப் போல ஜிப்ஸியே எடுத்துவிடட்டுமா?" அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. கொஞ்சம் தள்ளுபடி போட்டுப் படியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1.3 லிட்டர் எஞ்சின், 80 குதிரைத்திறன், ஒரு டன்னை ஒட்டிய எடை. கனமான டீசல் வண்டிகள் ஆக்ஸில் வரை புதைகிற சேற்றில் இது மேலோடு ஓடிவிடும். எஞ்சினைப் பிரிக்க வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை வந்ததில்லை. ஏலத்தில் கழிந்த ராணுவ வண்டிகளின் புண்ணியத்தில் ஆக்ஸிலும் கியர்பாக்ஸும் புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ தேடினால் அகப்படும். பட்டா ஸ்பிரிங்கை எந்த ஊர்ப் பட்டறையிலும் அடித்துக் கொடுப்பார்கள்.

சிக்கல், டயரை மாற்றியவுடன் ஆரம்பிக்கிறது. கம்பெனி டயர் 205/70 ஆர் 15. உயரம் 26 அங்குலத்துக்குச் சற்று மேல். போட்டிக்கு 31 அங்குலமாவது வேண்டும். அதிலேயே இழுவையில் ஏறத்தாழ 15 சதவீதம் போய்விடும். ஈடுகட்ட டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) லோ கியர் விகிதத்தை 2.27இலிருந்து 4.16க்கு மாற்ற வேண்டும். அந்தப் பல்சக்கரங்களை வெளிநாட்டில், ஜிப்ஸியின் உடன்பிறப்பான சுசூகி சாமுராய்க்காகச் செய்கிறார்கள். கூரியரும் சுங்கவரியும் சேர்ந்தால் வீட்டில் சொல்லக்கூடிய தொகையாக இருக்காது.

சரி, மாட்டியாயிற்று. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிராது. தனியாக, மூன்று ரப்பர் மவுண்டுகளில் தொங்கும். நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட். உள்ளே போகிற முறுக்குவிசைக்கும் வெளியே வருகிற முறுக்குவிசைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் தாங்குவது அந்த ரப்பர்கள்தான். உள்ளே போவதை 1 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 2.27இல் 1 போக 1.27 இருந்த இடத்தில் இப்போது 4.16இல் 1 போக 3.16, அதாவது இரண்டரை மடங்கு. பாறையில் சக்கரம் சிக்கி, நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் பெட்டி முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பும். ஷாஃப்ட்டின் கோணம் மாறி 'டக் டக்' என்று அடிக்கும். கடைசியில் லோ கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்து நிற்கும். எங்கே? சரிவின் நடுவில்தான், வேறெங்கே!

இந்த முறை மவுண்டைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் நடுவில் கிழியவே இல்லை. இரும்போடு ஒட்டியிருந்த ஓரம் தோல் உரிந்ததுபோல் பிரிந்து, விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே இரும்பில் பசையின் அடையாளமே இல்லை. உறை, ஒட்டுத்தாள், பார்ட் நம்பர் எல்லாம் அச்சு அசல், உள்ளே இருந்த சரக்கு மட்டும் போலி. விற்றவரிடம் காட்டினால், "வண்டியை நீங்கள் ஓட்டுகிற விதம் அப்படி" என்கிறார். போட்டிக்கு வேறு எந்த விதமாக ஓட்டுவது?

லேத்தில் பாலியூரிதேன் கடைந்து போட்டுக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. போட்டும் பார்த்தேன். புஷ் கிழியவில்லை, அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கையில் விரிசல் விட்டது. அதிர்வு இருக்கை வரை ஏறுகிறது. வேண்டாம்.

இன்னொன்று. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இப்படிக் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டிப் போக முடியாது. லாரியில் ஏற்றித்தான் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வாடகையையும் முதல் நாளே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே மாப்பிள்ளை, ஜிப்ஸி வேண்டாம். புதிதாக வருவதும் நின்றுவிட்டது. ஜிம்னி எடுத்துக்கொள்ளுங்கள், 2023இலிருந்து விற்பனையில் இருக்கிறது, ரப்பர் கேட்டால் கவுண்ட்டரில் எடுத்துத் தருவார்கள். என் வண்டியை விலைக்குக் கேட்காதீர்கள், அதைக் கொடுக்க மாட்டேன். உங்களில் யாரிடமாவது பழைய சரக்கில் அசல் மவுண்ட் ரப்பர் மூன்று இருந்தால் சொல்லி அனுப்புங்கள். பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.